டியர்டிராப் ட்ரெய்லருக்கு ஆனிங்கா, சைட் டென்ட்டா?

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட் பக்கம் இருக்கிறீர்கள். 5 அடி அகலம், 8 அடி நீளத்தில் ஒரு டியர்டிராப் ட்ரெய்லர் வாங்கியிருக்கிறீர்கள்; அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும், கண்ணீர்த்துளி வடிவச் சின்ன முகாம் வண்டி, பின்மூடியைத் தூக்கினால் சமையல் இடம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். நீங்கள் இருவர், கூட 9 வயது மகள். இந்தக் கோடையில் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளான ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ், பிறகு அந்த மாநிலத்தின் வடபகுதியான அப்பர் பெனின்சுலா. அடுத்த வருடம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிக்கூரையான ஆனிங் வாங்குவதா, கதவோடு ஒட்டி நிற்கும் சைட் டென்ட் வாங்குவதா, பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து மூடும், நண்பர் சொல்கிற 270 டிகிரி ஆனிங் சரிப்படுமா என்பது கேள்வி.

என் பதில்: உங்கள் மூவருக்கும், நீங்கள் போகிற இடங்களுக்கும், முதலில் சைட் டென்ட். கூடவே ஒரு நல்ல தார்ப்பாயும் இரண்டு உயரமான கம்புகளும். 270 டிகிரி ஆனிங் இப்போதைக்கு வேண்டாம். இதே கேள்வியைக் குழந்தை இல்லாத ஒரு தம்பதி அரிசோனாவிலிருந்து கேட்டிருந்தால் நேர்மாறாகச் சொல்லியிருப்பேன். ஏன் என்பதுதான் மீதி.

விற்கிறவர்கள் துணியின் கனம், நீர் தாங்கும் அளவு, எத்தனை சதுர அடி நிழல் என்பதையெல்லாம் பெரிதாகப் போடுவார்கள். எனக்கு அவற்றுக்கெல்லாம் முன்னால் வருவது ஒரே கேள்வி: காற்று கிளம்பினால் இதை ஒருவர் தனியாக எவ்வளவு சீக்கிரம் இறக்க முடியும்? டியர்டிராப்பில் குடும்பம் நடப்பதே வெளியில்தான். கதவுக்கும் பின்பக்கச் சமையல் மூடிக்கும் நடுவே உள்ள அந்த நாலைந்து அடியில்தான் உட்காருவது, சாப்பிடுவது, உடை மாற்றுவது எல்லாம். அங்கே விரித்த துணி ஏரிக்காற்றில் கிழிந்தாலோ கம்பு வளைந்தாலோ, அந்தப் பயணத்தின் மிச்ச நாள்களுக்கு உங்களுக்கு வீடே இல்லாமல் போய்விடும். அதனால் பெரியதைவிடச் சட்டென்று கழற்றக்கூடியதையே தேடுங்கள்.

முதலில் வண்டியின் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பெரிய கேம்பருக்குச் சொல்லும் யோசனை பாதி இதற்குப் பொருந்தாது. இந்த வகை வண்டிகள் 1930-களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டன. நிறையப் பேர் வீட்டுக் கராஜில் தாங்களே செய்துகொண்டார்கள். ப்ளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடியாக வரும். ஒரு பலகையில் ஒரு பக்கச்சுவர் என்று வெட்டியதால் 4 அடி உயரம், 8 அடி நீளம் என்பது பழக்கமான அளவாக நின்றுவிட்டது. இன்றைய வண்டிகள் கொஞ்சம் பெருத்திருக்கின்றன. ஆனாலும் சக்கரத்தோடு சேர்த்துக் கூரை உச்சி தரையிலிருந்து ஐந்தரை, ஆறு அடியைச் சுற்றித்தான் இருக்கும். அந்த உச்சியும் ஒரு சின்ன நீளத்துக்குத்தான். அதற்கப்புறம் கூரை பின்பக்கமாகச் சரிந்து இறங்கிவிடுகிறது.

இதனால் இரண்டு சிக்கல். ஒன்று, உயரம். மழைத்தண்ணீர் வண்டியை விட்டு வெளியே வழிய வேண்டுமானால் ஆனிங்கின் வெளி ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒட்டும் இடமே ஆறடி என்றால் வெளி ஓரம் ஐந்தரை அடிக்கு வந்துவிடும். தங்கும் நாளெல்லாம் குனிந்தே நடப்பீர்கள். கூரைமேல் ஒரு ரேக் போட்டு அதில் ஆனிங்கை மாட்டினால் அரை அடி, முக்கால் அடி கிடைக்கும். ரேக் இல்லாத டியர்டிராப்பில் பெட்டி ஆனிங் மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாவது, நீளம். ஏஆர்பி போன்ற நிறுவனங்களின் இழுத்து விரிக்கும் ஆனிங்குகளில் நிறையப் பேர் வாங்குவது 2.5 மீட்டர் அகலம், அதாவது 8 அடிக்கும் சற்று மேல். உங்கள் வண்டியின் மொத்த நீளமே 8 அடி. வளைவைத் தாண்டி இரண்டு முனையும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆனிங்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் 2 மீட்டர் போதும்.

தார்ப்பாய் என்று சொன்னேனே, அதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். மேலே சொன்ன உயரச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்த நல்ல விடை அதுதான். 12 அடிக்கு 12 அடி அல்லது அதற்குச் சற்றுப் பெரிய, நல்ல பாலியெஸ்டர் துணியில் ஓரமெல்லாம் வளையங்கள் தைத்த தார்ப்பாய் ஒன்று வாங்குங்கள். வைக்கோல் போரை மூடுவதுபோல வண்டிக்கு மேலே குறுக்காகப் போட்டு, ஒரு பக்கத்தை வண்டியின் மறுபுறம் தரையில் முளையடித்து இழுத்துக் கட்டுங்கள். இந்தப் பக்கம் ஏழரை அடிக் கம்புகள் இரண்டை நிறுத்தி உயர்த்துங்கள். இப்போது சரிவு வண்டியை நோக்கி இருக்கிறது, தண்ணீர் வண்டியின் மேலாகப் போய் அந்தப் பக்கம் விழுகிறது. உங்கள் பக்கம் தலைநிமிர்ந்து நிற்கலாம். கூரையில் மின்விசிறி வைத்த திறப்பு இருந்தால், மழையிலும் அதைக் கொஞ்சம் திறந்து வைக்க முடியும். மூடி நிமிரும் உயரத்துக்கு மட்டும் இடம் விட வேண்டும். தார்ப்பாய் கூரை ஓரத்தில் உரசி வண்ணத்தைச் சுரண்டும். பிள்ளைகள் நீச்சல் குளத்தில் வைத்து விளையாடும் நுரைக்குழாயைப் பிளந்து அந்த ஓரத்தில் செருகிவிட்டால் உரசல் நின்றுவிடும். தார்ப்பாய், கம்பு, முளை, கயிறு எல்லாம் சேர்த்து 150 டாலருக்குள் முடித்துவிடலாம். வண்டியில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.

துளை என்றதும் ஒட்டும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். காந்தம் வைத்து ஒட்டும் ஆனிங்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. டியர்டிராப்பின் மேல்தோல் பெரும்பாலும் அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. வாங்குவதற்கு முன் ஃபிரிட்ஜில் ஒட்டிய காந்தம் ஒன்றை எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். உறிஞ்சு கிண்ணம் வைத்தவை வழவழப்பான பரப்பில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் புடைப்பு வேலை செய்த அலுமினியத்திலும் தூசி படிந்த பரப்பிலும் நிற்காது. எடை குறைந்த நிழல்துணிக்குச் சரி, மழைக்கு நம்ப முடியாது.

எனக்குப் பிடித்தது கெடர் ரெயில். பக்கச்சுவரின் மேல் ஓரத்தில் ஒட்டிய ஒரு மெல்லிய அலுமினிய அல்லது பிளாஸ்டிக் தடம். துணியின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த பகுதியை அதற்குள் நுழைத்து இழுத்தால் போதும். வளையக்கூடிய ரகமும் உண்டு, டியர்டிராப்பின் வளைவோடு அப்படியே போகும். சுவரும் துணியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு ஒழுகாது. சில வண்டிகளில் இது தொழிற்சாலையிலிருந்தே வரும், உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பூட்டலாம், ஆனால் திருகு எங்கே இறங்குகிறது என்று தெரிந்தபின் மட்டும். தோலுக்குப் பின்னால் மரச்சட்டமோ ப்ளைவுட்டோ இருக்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் ப்யூட்டைல் டேப் என்ற ரப்பர் போன்ற ஒட்டு நாடாவை வைத்து மூட வேண்டும். சாதாரண சிலிகான் பூசிவிட்டுப் போனால் சில வருடத்தில் பிரிந்து தண்ணீர் உள்ளே இறங்கும், ப்ளைவுட் ஊறத் தொடங்கும். டியர்டிராப்பைக் கொல்வது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னத் துளைகள்தான். துளை போடுவதற்கு முன் தயாரித்தவரிடம் வாரன்டியைப் பற்றிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, சைட் டென்ட். உங்களுக்கு நான் இதை முதலில் சொல்வதற்கு இரண்டு காரணம்: மகள், மற்றும் ஈ.

மகளுக்குப் படுக்க இடம் வேண்டும், உங்களுக்குக் கதவைத் திறந்தால் அவள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தனிக் கூடாரம் 15 அடி தள்ளி நின்றால் 9 வயதுப் பிள்ளைக்கு இராத்திரி அது வெகு தூரம். ஈயைப் பற்றி மிச்சிகனில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை, ஆனால் டெட்ராய்ட் பக்கம் இருப்பதைவைத்து அப்பர் பெனின்சுலாவைக் கணிக்க முடியாது. மே பிற்பாதியிலிருந்து ஜூன் வரை கருப்பு ஈ. அப்புறம் கொசு. ஜூலை, ஆகஸ்டில் லேக் சுப்பீரியரின் தென்கரையில், தெற்கேயிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வீசும் நாள்களில், கணுக்காலைக் குறிவைத்துக் கடிக்கிற ஒரு வகை ஈ வரும். பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும். மேலே பூசுகிற பூச்சி மருந்துக்கு அவ்வளவாக அசராது. பிக்சர்டு ராக்ஸ் ஏரிக்கரைபோல நீண்ட மணல் கரையில் அது கிளம்பிவிட்டால் உட்கார முடியாது. அப்போது சுவர் இல்லாத ஆனிங் எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்? வலைச்சுவர் வேண்டும். அந்த வலையும் சாதாரணக் கொசுவலையாக இல்லாமல், நோ-சீ-அம் என்று போட்டிருக்கும் நெருக்கமான வலையாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சிகளும் அங்கே உண்டு. காற்றோட்டம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

சைட் டென்ட் பார்க்கும்போது நான்கு சுவரையும் வலை, துணி இரண்டாகவும் மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். துணிச்சுவரைச் சுருட்டிக் கட்டினால் அதுவே ஆனிங் வேலையையும் செய்துவிடும். இரண்டையும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். 7 அடிக்கு 7 அடிக்குக் குறையாமல் இருந்தால் ஒரு சின்ன மெத்தையும், பைகளும், நின்று உடை மாற்ற இடமும் கிடைக்கும்.

உங்கள் வண்டி நியூகேம்ப் நிறுவனத்தின் டேக் மாதிரி பரவலாக விற்கும் மாடல் என்றால் அதன் வளைவுக்கென்றே வெட்டித் தைத்த டென்ட் கிடைக்கும். பஹாக்வே என்ற நிறுவனம் அப்படிப்பட்டவற்றை விற்கிறது. விலை அதிகம்தான், ஆனாலும் சொந்த அளவில் தைத்ததற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பவை பெரும்பாலும் எஸ்யூவி காரின் பின்கதவை மனதில் வைத்துச் செய்தவை. எலாஸ்டிக் வைத்த வாய் சதுரமான பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், சரிந்து போகும் வளைவில் வழுக்கி ஏறிவிடும். அப்படி வாங்குவதாக இருந்தால் வண்டியின் மறுபுறம்வரை போய்க் கீழே சட்டத்தில் மாட்டும் பட்டைகள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு இடமும் கவனிக்கப்படாமல் போகிறது: கீழ்ப்பக்கம். வண்டியின் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி இருக்கும். டென்ட் எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருந்தாலும் கொசுவும் குளிர்காற்றும் அந்த வழியாக வந்துவிடும். அதை மறைக்கும் பாவாடைத் துணி டென்ட்டோடு வருகிறதா என்று கேளுங்கள். உங்கள் வண்டியில் சக்கரம் உடம்புக்கு வெளியே தள்ளி, மட்கார்டோடு இருந்தால், டென்ட் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். மட்கார்டின் விளிம்பு துணியை அறுக்கும். அங்கே ஒரு துண்டு கனத்த துணியைப் போட்டு வையுங்கள். தரைவிரிப்பு டென்ட் சுவரைத் தாண்டி வெளியே ஒரு விரல்கூட நீளக் கூடாது; நீண்டால் மழைத்தண்ணீரை உள்ளே கூட்டிக்கொண்டு வரும்.

எந்தப் பக்கம் மாட்டுவது? அமெரிக்க முகாம்களில், பின்பக்கமாக வண்டியை ஏற்றி நிறுத்தும் இடங்களில் மேசையும் அடுப்புக்குழியும் பெரும்பாலும் பயணி பக்கம், அதாவது வலப்பக்கம் இருக்கும். அதனால் அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் கதவுள்ள வண்டி என்றால் இன்னும் நல்லது, ஒரு கதவு எப்போதும் டென்ட்டுக்கு வெளியே திறக்கும்.

இப்போது உங்கள் நண்பரின் 270 டிகிரி ஆனிங். அது மோசமான சாமான் இல்லை. விசிறி மாதிரி விரிந்து பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே துணியால் மூடுகிறது. கதவும் சமையல் இடமும் ஒரே நிழலில் வருவது டியர்டிராப்புக்கு அருமையான அமைப்பு. விரிக்க ஒரு நிமிடம். யூட்டாவில், அரிசோனாவில், இரண்டு இராத்திரிக்கு மேல் ஓரிடத்தில் தங்காதவர்களுக்கு நானே அதைச் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் எடை. அவை 40 முதல் 60 பவுண்டு வரை இருக்கும். அந்த எடை முழுக்க ஒரு பக்கத்தில் தொங்குகிறது, விரித்தபின் நீண்ட கைகளின் நெம்பு விசையும் அந்தப் பிடிமானத்தில்தான் விழுகிறது. மெல்லிய சுவர் வைத்த சின்ன வண்டிக்கு அது அதிகம். உறுதியான ரேக் வேண்டும். அப்புறம் பின்மூடி. அது மேல்நோக்கித் திறந்து கூரையைவிட உயரமாக நிற்கும், ஆனிங்கின் கைகள் அதே இடத்தில்தான் வரும். திறந்த மூடியின் உச்சி தரையிலிருந்து எவ்வளவு என்று அளக்காமல் 270 டிகிரி ஆனிங் வாங்கக் கூடாது. விலையும் 700 டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேல் போகிறது. அவ்வளவு கொடுத்தும் வலைச்சுவர் தனிக்காசு.

காற்றுக்கு வருகிறேன். 8 அடிக்கு 8 அடித் துணி என்றால் 64 சதுர அடி. மணிக்கு 20 மைல் காற்று நேராக மோதினால் அதன்மேல் சுமார் 65 பவுண்டு அழுத்தம். 30 மைல் என்றால் சுமார் 150 பவுண்டு. வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகிறது. கடையில் ஆனிங்கோடு தரும் மெல்லிய கம்பி முளைகள் இதைத் தாங்காது. துணியில் தேங்கும் தண்ணீரும் லேசானது இல்லை: ஒரு சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் 5 பவுண்டுக்கு மேல். 3 அடிக்கு 3 அடித் தொய்வில் மூன்று அங்குலம் தேங்கினால் 140 பவுண்டு, கம்பு வளைய அது போதும். அதனால் மழை வரும்போல இருந்தால் ஒரு மூலைக் கம்பை நன்றாகத் தாழ்த்திவிடுங்கள், தண்ணீர் தேங்காமல் அந்த வழியாக ஓடட்டும்.

முளை நிலத்துக்கு ஏற்றபடி மாற வேண்டும். பிக்சர்டு ராக்ஸின் ட்வெல்வ்மைல் பீச் முகாம் ஏரிக்கரை மேட்டில், மணல்பாங்கான மண்ணில் இருக்கிறது. அங்கே ஓரடி நீளமுள்ள அகன்ற மணல் முளைகள்தான் நிற்கும். சரளைக்கல் கொட்டி இறுக்கிய இடங்களில் சுத்தியலால் அடித்தால் முளைதான் வளையும். அதற்கு லேக் ஸ்குரூ என்ற 8 அங்குலத் தடித்த திருகை ஒரு பெரிய வாஷரோடு பேட்டரி ட்ரில்லால் இறக்குவார்கள். சீக்கிரம் இறங்கும், கிளம்பும்போது அதே வேகத்தில் வெளியே வரும். இவ்வளவு செய்தும், முகாமை விட்டு ஒரு மணி நேரம் வெளியே போகிறீர்கள் என்றால்கூடத் தார்ப்பாயையும் ஆனிங்கையும் இறக்கிவிட்டுப் போங்கள். சைட் டென்ட் நிற்கட்டும், அதற்கு நாலு பக்கமும் தரையில் பிடி இருக்கிறது. ஸ்லீப்பிங் பேரில் டி.எச். டே முகாம் மரங்களுக்குள் இருப்பதால் காற்றும் குறைவு, வெயிலும் குறைவு. அங்கே தார்ப்பாயே தேவைப்படாமல் போகலாம்.

துணியைப் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். பாலியெஸ்டர் வாங்குங்கள், நைலான் நனைந்தால் தொய்யும், வெயிலிலும் சீக்கிரம் இற்றுப்போகும். நீர் தாங்கும் அளவு, அதாவது எவ்வளவு உயரத் தண்ணீர் மேலே நின்றாலும் துணி ஒழுகாது என்ற கணக்கு, 1500 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 2000, 3000 என்றால் நிம்மதி. பருத்தி கலந்த கேன்வாஸ் உள்ளே வியர்க்காது, இருந்து பார்த்தால் மிக இதமாக இருக்கும். ஆனால் கனம், காய நேரமாகும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஞாயிறு மதியம் கிளம்பித் திங்கள் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

சைட் டென்ட்டுக்குள் சமைக்கக் கூடாது. மழையாக இருந்தாலும், ஜிப்பைத் திறந்து வைத்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, டென்ட் உங்கள் படுக்கையறையோடு ஒட்டியிருக்கிறது. புரோபேன் ஹீட்டருக்கும் இதே கண்டிப்பு. தோசைக்கல் பின்மூடியின் கீழ்தான், தார்ப்பாயை அந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டிக் கட்டினால் மழையிலும் சமைக்கலாம்; அடுப்புக்கு மேலே துணி தாழ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும்.

யெல்லோஸ்டோனுக்கு இப்போதே ஒன்று சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் முன்பதிவு செய்யும்போதே தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடி நடமாட்டம் காரணமாகத் துணிச்சுவர் வைத்த எதற்கும் அனுமதி இல்லை. கெட்டியான சுவர் உள்ள வண்டிகள் மட்டுமே. மகள் டென்ட்டில் படுப்பதாக இருந்தால் அங்கே பதிவு செய்யாதீர்கள். மேடிசன், கிராண்ட் வில்லேஜ் போன்ற கூடாரம் போட அனுமதிக்கும் முகாம்களைப் பாருங்கள். கனடாவில் லேக் லூயிஸ் போனாலும் இதே பிரிவினை உண்டு. அங்கே கூடாரங்களுக்கான பகுதியைச் சுற்றி மின்வேலி போட்டிருக்கிறார்கள். கரடி இருக்கும் ஊரில் சைட் டென்ட்டுக்குள் சாப்பாட்டு டப்பா, கூலர், பற்பசை, மகளின் பையில் மறந்துபோன முறுக்குப் பொட்டலம் எதுவும் இருக்கக் கூடாது. மணம் வருகிற எல்லாம் முகாமில் கரடிக்காக வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும்.

ஆர்டர் போடுவதற்கு முன் அளந்து எழுதிக்கொள்ள வேண்டியவை: தரையிலிருந்து கூரை உச்சி, தரையிலிருந்து கதவின் மேல் ஓரம், கதவு முழுக்கத் திறந்தால் எவ்வளவு தூரம் வெளியே வருகிறது, மட்கார்டு எவ்வளவு துருத்துகிறது, திறந்த பின்மூடியின் உச்சி. காரில் மாட்டியிருக்கும்போது அளக்காதீர்கள். முகாமில் நிற்பதுபோலக் கழற்றி, மட்டம் பார்த்து நிறுத்தி அளங்கள், ஒன்றிரண்டு அங்குலம் வித்தியாசம் வரும். டென்ட் வந்ததும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டு டிரைவ்வேயில் ஒருமுறை மாட்டி, மேலே தோட்டக்குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தையல் வழியாகச் சொட்டினால் தையல் பூச்சு ஒரு குப்பி பூசினால் சரியாகிவிடும். வண்டியோடு ஒட்டும் ஓரத்தில் சொட்டினால் அந்த டென்ட் உங்கள் வண்டிக்கு ஆகாது, திருப்பி அனுப்பிவிடுங்கள்.